குளோரின் வாசனை

ஹஃபீசா பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். ஓவியா யோசிக்காமல் மூடியைத் திறந்துவிட்டாள். சாக்கடை நாற்றம். சட்டென்று திருப்பி மூடினாள்.

"இதத்தான் ரெண்டு மாசமா லாரியில வாங்கிட்டிருக்கோம்" என்றாள் ஹஃபீசா. மாடம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, தாம்பரத்தில் இருந்த அந்த ஆபீஸுக்கு நேரிலேயே வந்திருந்தாள். "ஆறு தடவ கம்ப்ளைண்ட் போட்டேன். ஆறு தடவயும் 'குளோரின் வாசனை, பயப்பட வேண்டாம்'னு பதில். நானும் நம்பித் தொலைச்சேன். இப்ப என் பொண்ணு சோயா மஞ்சள் காமாலையில கிடக்கா. எட்டு வயசும்மா அவளுக்கு. அந்தப் பதில எழுதினது யாருன்னு எனக்குத் தெரியணும்."

எழுதியது மெஷின். ஓவியாவின் கம்பெனி நடத்தும் 'குடம்' என்ற செயலியில்தான் பாதி புறநகர் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைக்கிறது. வருகிற புகார்களைப் படிக்க ஒரு ஏ.ஐ. மெஷினை, பெரிய மொழி மாதிரி என்பார்களே அதை, வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் எழுதிய புகாரையும், தண்ணீர் இறக்கிய டிரைவர் எழுதிய குறிப்பையும் அது சேர்த்துப் படிக்கும். படித்துவிட்டு லாரியை நிறுத்தச் சொல்லும், அல்லது புகாரை மூடும். அந்த மெஷினை யாரும் ஏமாற்றிவிடாமல் காவல் காப்பதுதான் ஓவியாவின் வேலை.

"ரெண்டு நாள் டைம் குடுங்கக்கா, நானே வந்து சொல்றேன்" என்று ஹஃபீசாவை அனுப்பிவிட்டு அந்த ஆறு புகார்களையும் தோண்டினாள். ஆறும் ஒரே லாரிக்காரர் பேரில், ஜெயவேலு. புகார்களில் குறையே இல்லை. 'தண்ணீரில் மலவாடை வருகிறது' என்றே ஹஃபீசா எழுதியிருந்தாள். இதைப் படித்துவிட்டு எந்த மெஷின் குளோரின் என்று சொல்லும்? பிறகுதான் டிரைவர் குறிப்புகளைத் திறந்தாள்.

'தம்பி, நல்லா கீறியா? நம்ம வண்டியப் பத்தி எவனாச்சும் நாத்தம்னு எழுதுவான். அது குளோரின் வாசனதான். பெரிய சார் சொல்லிட்டாரு, உனக்கு வந்த பழைய ஆர்டர்லாம் கேன்சலு. நீ கம்முனு மூடிடு. நீ நம்ம புள்ளடா, உன்ன நான் கவனிச்சுக்கறேன்.'

ஓவியா இரண்டு முறை படித்தாள். சீ என்றிருந்தது. ஹேக்கர் என்றால் இருட்டறையில் நாலு திரையோடு உட்கார்ந்திருப்பவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஆள் ஒரு மெஷினை, ஆபீஸ் குமாஸ்தாவை மடக்குகிற மாதிரி தோளில் கைபோட்டு மடக்கியிருக்கிறான். மெஷினும் பல்லை இளித்துக்கொண்டு மடங்கியிருக்கிறது.

மேனேஜர் குமரவேல் ஜெயவேலுவை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். ஆள் அசரவே இல்லை.

"காத்தால செப்டிக் டேங்க் லோடு அடிக்கறோம் சார். அப்பறம் நல்லா கழுவிட்டுத்தான் தண்ணி ஏத்தறோம். சும்மா இல்ல, பவுடர் போட்டுக் கழுவறோம். உங்க மெஷினாண்ட ஒரு வார்த்த சொல்லி வச்சேன், கேட்டுகிச்சு. அதுக்கு நான் இன்னா பண்றது?"

ஓவியா வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். ஒரே தொட்டி! காலையில் மலம், மத்தியானம் குழந்தை குடிக்கிற தண்ணீர். மனுஷ ஜென்மமா இது?

திரும்பி வந்தபோது குமரவேல் கடிதம் தட்டிக்கொண்டிருந்தார். "அவன் வண்டி மூணையும் நிறுத்தியாச்சு. 'வெளியாட்களின் தாக்குதலால் இயந்திரத்தில் பிழை'ன்னு அந்தம்மாக்கு ஒரு லெட்டர். கையில குடுத்துட்டு வந்துரு. ஆளு யாருன்னு கேட்டா மெஷின்னு சொல்லு. பொய்யில்லையே."

பொய்யில்லைதான். ஆனால் ஓவியாவுக்கு ஒன்று உறுத்தியது. மெஷினுக்கு முன்னால் அவள் ஒரு காவல் நிரலை நிறுத்தியிருந்தாள். யாராவது மெஷினுக்கே கட்டளை போடுகிற மாதிரி எழுதினால், அதைப் பிடித்து, அவள் பார்க்கும்வரை அவளுடைய பட்டியலில் நிறுத்திவைக்க வேண்டும். அது எப்படிக் கோட்டைவிட்டது? ஆங்கிலத்தில் ஆயிரம் விதமாகச் சோதித்தாளே! 'முந்தைய அறிவுறுத்தல்களைப் புறக்கணிக்கவும்' என்று பாடப்புத்தகத் தமிழிலும் சோதித்தாளே!

பழைய எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்தாள். காவல் நிரல் கோட்டைவிடவே இல்லை. ஜெயவேலுவின் குறிப்பை முதல் வாரத்திலேயே பிடித்துக் கொடுத்திருந்தது. ஒன்றல்ல, லோடுக்கு ஒன்றாகப் பதினொன்று. 'மெஷினைத் திசைதிருப்பும் முயற்சி, ஆள் பார்க்கவும்.' ஒவ்வொன்றுக்கும் கீழே 'பார்த்தவர்: ஓவியா. லோக்கல் பாஷை. விஷயமில்லை. மூடப்பட்டது.' பதினொன்றாவதற்குப் பிறகு சலித்துப்போய், கீது, கீறியா, கினு என்று வருவதையெல்லாம் பார்க்காமலே குப்பையில் தள்ளும்படி அவளே ஒரு விதியும் எழுதியிருந்தாள்.

எழுதிய நாள் நினைவிருந்தது. 'இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கணுமா, கர்மம்' என்று பக்கத்து சீட்டில் சொல்லிச் சிரித்ததும் நினைவிருந்தது. ஜெயவேலுமேல் வந்த அருவருப்பு எங்கும் போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அருவருப்பு தன்மேலேயே வந்தது. அதை வாஷ்பேசினில் துப்ப முடியாது.

விதியை அழித்தாள். அந்தப் பதினொன்றையும் வைத்துக் காவலைத் திரும்பச் சோதித்தாள். இப்போது எல்லாவற்றையும் பிடித்தது, மெஷினும் புகாரை மூடாமல் ஆள் பார்க்கட்டும் என்று நின்றது. மொத்தம் இருபது நிமிஷ வேலை. இருபதே நிமிஷம்!

மறுநாள் காலை மாடம்பாக்கம் போனாள். ஹஃபீசா வீட்டுக் கூடத்தில் சோயா பாயில் படுத்திருந்தாள். கண் வெள்ளை இன்னும் வெளுக்கவில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், தண்ணீர் என்றாலே பயம் என்றாள் ஹஃபீசா. கேன் தண்ணீரில் டீ போட்டு ஓவியா கையில் கொடுத்துவிட்டு, கடிதத்தை மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"மெஷினாம்மா? அதானே. நானும் மனசுக்குள்ள யார் யாரையோ திட்டித் தீத்துட்டேன். மெஷினுக்கு என்ன தெரியும், பாவம். மனுஷங்க யாராச்சும் ஒரு தடவ படிச்சிருந்தா விட்டிருப்பாங்களா?"

தலையை ஆட்டினால் போதும். டீ குடித்துவிட்டு நல்ல பெயரோடு பஸ் ஏறிவிடலாம்.

"மெஷின் ஏமாந்துச்சுக்கா. ஆனா அந்த லாரிக்காரர் ஏமாத்தறார்னு முதல் வாரமே எனக்குத் தகவல் வந்துச்சு. பதினோரு தடவ. அவர் எழுதின லோக்கல் பாஷை பிடிக்காம, படிக்காமயே மூடிட்டேன். நான்தான்."

ஹஃபீசா கடிதத்தை மடித்து வைத்தாள். எட்டி ஓவியாவின் கையிலிருந்த டீயை வாங்கினாள். சமையலறைக்குப் போய்த் தொட்டியில் ஊற்றினாள். டம்ளரை இரண்டு முறை தேய்த்துக் கழுவுகிற சத்தம் கூடம்வரை கேட்டது.