வாங்கிப் போக மறந்த சான்றிதழ்கள்

கவனக்குறைவுக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்த டாக்டர் வைத்திருந்த படிவம் இருபத்தாறு பக்கம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாவற்றையும் நிரப்பிக் கொண்டுபோனாலோ, "இவ்வளவு பொறுமையா எழுதியிருக்கீங்க, உங்களுக்கு என்ன கோளாறு?" என்பார். போதுமடா சாமி! அவரிடம் கோப்புகளைப் பார்த்துக்கொள்வதால் 'பைல் அக்கா' என்று பெயர் வாங்கியவளுக்கு, பதினோரு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்து அலுத்துவிட்டது.

அன்றைக்கு வந்தவள் பயண டிக்கெட் பதிவு செய்யும் ஆபீசில் வேலை பார்ப்பவள். தேதியை மாற்றிப் போட்டு, ஒரு கல்யாணக் கோஷ்டியையே கல்யாணத்துக்கு மறுநாள் கொண்டுபோய் இறக்கியவள். கோளாறுதான் என்று இன்றைக்குள் சான்றிதழ் காட்டினால் ஆபீசிலேயே வேறு வேலைக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் வேலை போய்விடும்.

இரண்டு முறை திரும்பிய படிவம் இப்போது மூன்றாவது முறையாக வந்திருந்தது. ஒரு கட்டம் பாக்கியில்லை.

"என் நாத்தனார்தான் நிரப்பிக் கொடுத்தாங்க அக்கா" என்று டிக்கெட்காரி வெளியே காத்திருக்கும்போதே சொல்லியிருந்தாள். அண்ணியின் குறைகளை எழுதச் சொன்னால் நாத்தனாருக்குக் கசக்குமா என்ன! இடம் போதாமல் தனித்தாள் வேறு இணைத்திருந்தாள்.

டாக்டர் புரட்டினார். "அடேயப்பா, முத்து முத்தான எழுத்து. ஒரு அடித்தல் இல்ல. உங்க கவனத்துக்கு என்னம்மா குறைச்சல்?"

"டாக்டர், அது நான்..."

"நடுவுல பேசாதீங்க."

ஐந்தே நிமிஷம். 'கோளாறு இல்லை' என்று எழுதி முத்திரை குத்தியாயிற்று. டிக்கெட்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சான்றிதழ் மேஜை மேலேயே கிடந்தது.

"அதை டிராயர்ல போட்டுடுங்க" என்றார் டாக்டர்.

பைல் அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! டிராயரையே உருவிக்கொண்டு வந்து அவர் முன்னால் கவிழ்த்தாள்.

"என்னம்மா இது?"

"கோளாறு இல்லைன்னு நீங்க எழுதினது எல்லாம். வாங்கிட்டுப் போக மறந்தவங்க, இதோட நூத்திப் பதினாலு பேரு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"போன வருஷமே எழுதி வெச்சேன் டாக்டர். அதோ, உங்க டீ கோப்பைக்கு அடியில."

கறை படிந்த தாளை எடுத்துப் படித்தார்.

அந்த நேரம் பார்த்து டிக்கெட்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சான்றிதழுக்குத்தானே வந்தீங்க?" என்றார் டாக்டர் நப்பாசையோடு.

"சான்றிதழா? குடைய விட்டுட்டேன் டாக்டர்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு படிவத்தை அவள் பக்கம் தள்ளி, "இது யாரும்மா எழுதினது?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

பள்ளிக்கூட நாள் தொட்டு எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் விசாரித்தார். முடிவில், கோளாறுதான் என்று கைப்பட எழுதினார்.

பைல் அக்கா அந்தச் சான்றிதழை அவள் கையில் கொடுக்கவில்லை. தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "உங்க ஆபீசுக்கு நானே வர்றேன்" என்று கிளம்பினாள்.

வாசல் தாண்டியதும் டிக்கெட்காரி சட்டென்று நின்றாள். "ஐயோ, குடை!"

"என்கிட்ட இருக்கு. நடங்க."