கோடு போட்ட மணிக்கூடு

துறைமுக லோஞ்சுப் படகில் பித்தளை துலக்குகிற யோகலிங்கத்துக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். இந்தப் பதினான்கு வருடத்தில் அவனுடைய மச்சான் சோமசேகரம், அதாவது மனைவி கனகம்மாவின் அண்ணன், அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கெட்டதாகவும் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. ஜெட்டிப் பாலத்தில் லோஞ்சுகள் வந்து அணையும் நேரத்தைக் குறிக்கும் உத்தியோகம் அவருக்கு. பிந்தி வந்தால் எத்தனை நிமிடமென்று சொல்வார். பிந்தாமல் வந்தால் "நேரம் சரி" என்பார். அந்த இரண்டு சொல்லையும் மற்ற லோஞ்சுக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். யோகலிங்கத்தின் லோஞ்சு வாங்கவில்லை. அதன் என்ஜின் வெள்ளைக்காரன் வேண்டாமென்று விட்டுப்போன சாமான். மணியும் சன்னல் வளையங்களும் மட்டும் யோகலிங்கத்தின் கைவண்ணத்தில் தகதகத்தன. "பிந்தினாலும் வடிவாப் பிந்துறம்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மச்சான் சிரிக்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் எழுபத்து நாலாம் ஆண்டு குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்ய ஆஸ்பத்திரியில் படுத்தபோது, கைமணிக்கூட்டைக் கழற்றி யோகலிங்கத்திடம் நீட்டினார். வேறு வழி இருக்கவில்லை. மனிதர் தனிக்கட்டை, தங்கையையும் அவள் புருஷனையும் விட்டால் ஆளில்லை. மூன்று வருடத்துக்கு முன் புல்மோட்டைக் கனிம மண் ஏற்ற வந்த கப்பலில் ஒரு யப்பான்காரன் ஆசையாகக் கொடுத்துவிட்டுப் போன மணிக்கூடு அது. கடைகளில் புது மணிக்கூட்டைக் கண்ணால் காணக் கிடைக்காத காலம்.

"காலமை ஆறு மணிக்குச் சாவி குடும்" என்றார் சோமசேகரம். "இருபது சுத்து. இருபத்தொண்டு வேண்டாம். வேறை ஒண்டும் செய்ய வேண்டாம்."

"ஓம் மச்சான்."

வீட்டில் இதைக் கேட்ட கனகம்மா, "என்னை உங்களிட்டைத் தரேக்கை அண்ணை இவ்வளவு சொல்லேல்லை" என்றாள்.

"உனக்குச் சாவி குடுக்கத் தேவையில்லையே" என்றான் யோகலிங்கம். அன்றைக்கு அவன் சோற்றில் குழம்பு கொஞ்சம் குறைவாக விழுந்தது.

ஒரு வாரம் அவன் சொன்னபடி நடந்தான். காலை ஆறு மணிச் செய்திக்கு முன் வானொலியில் வரும் மணியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இருபது சுற்று எண்ணிச் சாவி கொடுத்தான். மச்சான் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும்தான் அவனுக்குள் இருந்த கெட்டிக்காரன் விழித்துக்கொண்டான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சங்கிலிக் கண்ணிகளின் இடுக்கில் மூன்று வருட வியர்வையும் பவுடரும் கறுத்து இறுகியிருந்தன. அது பரவாயில்லை. உலோகம் முழுக்க, தலைமயிர் மாதிரி, எண்ணிலடங்காத கீறல்! பாவம் மனுசன், மேசையில் உரசி உரசியே இப்படியாகிவிட்டது போலும். லோஞ்சு மணியில் இதில் ஒரு கீறல் விழுந்தாலே லோஞ்சோட்டும் தண்டையல் வாய் நிறையத் திட்டுவார்.

இதை மினுக்கிக் கையில் கொடுத்தால் மச்சான் என்ன சொல்வார்? ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

பித்தளைக்குப் போடும் மருந்தில் கீறல் அசையவில்லை. லோஞ்சில் உருக்குச் சாமான் மினுக்க வைத்திருந்த பச்சைக் கட்டியைக் கொண்டுவந்தான். இரண்டு பின்னேரம் தேய்த்தான். புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரம் சங்கிலியின் ஒரு பக்கத்து ஐந்து கண்ணிகளும், மணிக்கூட்டின் மேல் விளிம்பும் கண்ணாடியாகிவிட்டன. குனிந்து பார்த்தான். தன் மூக்கு வழமையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வேலை நன்றாக வந்ததற்கு அவன் வைத்திருக்கும் அடையாளம் அதுதான்.

கனகம்மா வந்து பார்த்தாள். "இது ஆரின்ரை?"

"உன்ரை அண்ணையின்ரைதான்."

"அவரின்ரை சாம்பல் நிறமெல்லோ? இது கலியாண வீட்டு எவர்சில்வர் தட்டம் மாதிரிக் கிடக்கு."

அதற்குப் பிறகு அவனுக்கு நித்திரை சரியாக வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மணிக்கூடு திருத்தும் ஜெமீலிடம் போனான். ஜெமீல் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தான். கிண்ணியாவில் மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். பாதை என்கிற மிதவைப் படகில் ஏறினால் திங்கட்கிழமைதான் திரும்புவான். என்றாலும் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிப் பார்த்தான்.

"யா அல்லாஹ்! யோகம், கோடெல்லாம் எங்கடா?"

"கீறலோ? எடுத்திட்டன்."

"கீறலா? அதுக்கெண்டே மெசின் வெச்சு யப்பான்காரன் இழுத்த கோடுடா அது. மினுங்கக் கூடாதெண்டுதான் அவன் அவ்வளவு பாடுபட்டது."

யோகலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு பொருளை மினுங்காமல் இருப்பதற்காக மனிதர் பாடுபடுவார்கள் என்பது இருபது வருடச் சேவையில் அவன் கேள்விப்படாத சங்கதி.

"அழுக்குத்தானே எடுக்க வெளிக்கிட்டாய்?" என்றான் ஜெமீல். "சாவிக் குமிழை நல்லா அமத்திப்போட்டு, மெல்லிய பிரஷில ஒரு துளி சோப்புத்தண்ணி தொட்டு, கோடு ஓடுற பக்கமாவே தேய்ச்சு, ஈரத்துணியால துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடுத்தா முடிஞ்சி. கால் மணித்தியால வேலை. நீ ரெண்டு நாள் மினக்கெட்டு நாசமாக்கியிருக்காய்."

"திரும்பக் கோடு போட ஏலாதோ?"

ஜெமீல் பாதை போகும் நேரத்தைப் பார்த்தான். நண்பனின் முகத்தைப் பார்த்தான். மேசை லாச்சியைத் திறந்து, பவுடர் போல நைசான அரத்தாள் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தான். "கண்ணாடிக்குப் பிளாஸ்டர் ஒட்டு. கோடு நேரா வர அடிமட்டத்தை அணைச்சு வை. ஒரே பக்கம் இழு. போய்த் திரும்பி வரப்படாது, விளங்கிச்சா? போகத்தான் வேணும். நீ பித்தளைக்காரன், உன்ர கை வட்டமாத்தான் சுத்தும். அதுக்குத்தான் எனக்குப் பயம்."

ஜெமீலின் பயம் நியாயமானது. அன்று பின்னேரம் குசினி மேசையில் யோகலிங்கத்தின் வலக்கை அவன் சொல் கேட்கவில்லை. இழுத்த இழுப்பில் தானாக வளைந்து திரும்பப் பார்த்தது. கடைசியில் கனகம்மா எதிரில் கதிரை போட்டு உட்கார்ந்து அடிமட்டத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் "தூக்குங்கோ" என்றாள். இழுத்தான், தூக்கினான், இழுத்தான், தூக்கினான். நாலு கண்ணிகளும் மேல் விளிம்பும் சாம்பல் நிறத்துக்குத் திரும்பின. ஐந்தாவதில் பாதி வந்ததும், சரி, முடிந்துவிட்டது என்ற சந்தோசத்தில் கை ஒரு வட்டம் சுற்றிவிட்டது.

"பரவாயில்லை, அண்ணைக்கு இப்ப கண் பார்வை மட்டு" என்றாள் கனகம்மா. அது பொய் என்று இருவருக்கும் தெரியும். ஜெட்டியின் மறுகோடியில் நிற்கும் லோஞ்சின் இலக்கத்தைக் கண்ணாடி போடாமல் வாசிக்கிற மனிதர் அவர்.

சனிக்கிழமை காலை சோமசேகரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி மணிக்கூட்டை வாங்கினார். சன்னல் பக்கம் திருப்பினார். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவிக்கொண்டு வந்தார். ஐந்தாவதில் விரல் நின்றது.

"இதென்ன?"

யோகலிங்கம் மூன்று பதில்கள் தயார் செய்து வைத்திருந்தான். மூன்றும் நல்ல பொய்கள். வாயைத் திறந்தபோது அவற்றில் ஒன்றும் வரவில்லை. கீறலென்று நினைத்தது, பச்சைக் கட்டி, ஜெமீல், அடிமட்டம், எல்லாம் வரிசையாக வந்தன. "உங்களைச் சந்தோசப்படுத்தலாமெண்டு நினைச்சனான்" என்று முடித்தான். தன் காதுக்கே அது விசர்க் கதையாகக் கேட்டது.

கனகம்மா உடுப்புப் பையை ஏற்கெனவே கட்டியிருந்தும் மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

"சாவி?" என்றார் சோமசேகரம்.

"ஆறு மணிக்கு. இருபது சுத்து. ஒருநாளும் விடேல்லை."

"தேய்ச்ச நாளிலையும்?"

"ஓம், தேய்ச்ச நாளிலையும்."

அவர் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். அடுத்த கட்டில்காரனின் வானொலியில் ஏழு மணி அடிக்கும்வரை முகப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு சங்கிலியைக் கையில் பூட்டினார். சுழி விழுந்த கண்ணி மணிக்கட்டின் உட்பக்கம் போய் மறைந்தது.

"நேரம் சரி" என்றார்.

யோகலிங்கத்துக்குத் திடீரென்று பையைத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"நில்லும்" என்றார் சோமசேகரம். "என்ரை வீட்டிலை தண்ணி வைக்கிற மேசைக்கூசா ஒண்டு கிடக்கு. பித்தளை. அதைக் கொண்டுபோய் உம்மட விருப்பத்துக்குத் தேயும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அதிலை கோடு ஒண்டும் இல்லை. நான் பாத்தனான்."