இருளாயி மிதித்த முதுகு

இருளாயி காலால் பிறந்தவள். மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், தலையை உள்ளே வைத்துக்கொண்டு பாதங்களை முதலில் நீட்டி, மருத்துவச்சியை உதைத்துக்கொண்டே வந்தாள் என்பார்கள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும். மூன்று வெள்ளிக்கிழமை, வெறும் வயிற்றில், இடது காலால் மூன்று மிதி. காசு வாங்கினால் பலிக்காது. ஒரு டின் பால் வாங்கலாம். அவள் அப்பனைத் தன் வாசல்படியில் நிற்கவிடாத, தோட்டக் கணக்கெழுதும் கிராணியே ஒருமுறை அவள் காலடியில் குப்புறப் படுத்து, "மெதுவாம்மா" என்று கெஞ்சியிருக்கிறார். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கொஞ்சம் பலமாகவே மிதித்தாள்.

தோட்டம் போய்விட்டது. இருளாயி இப்போது ஈப்போ ஜெலாப்பாங்கில் அடுக்குமாடியில் குடியிருந்து, கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். கால் மட்டும் வேலையை விடவில்லை. ஐம்பத்தெட்டு வயது, எண்பத்தாறு கிலோ. சும்மா வைத்தாலே மிதிதான்.

அந்தக் காலைத்தான் கீழ்வீட்டுப் பத்துமலையின் முதுகில் வைத்தாள். அவரும் அதே தோட்டத்துக்காரர், அதே தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா. ரப்பர் பால் வாளி, செம்பனைக் குலை, லோரி மூட்டை என்று நாற்பது வருஷம் சுமந்த முதுகு. நாலு மாதமாக வலி. முதல் இரண்டு வெள்ளி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வெள்ளி, 'மடக்' என்று ஒரு சத்தம். பத்துமலை அலறினார். சுற்றி நின்றவர்கள், "விட்டுருச்சு, பிடிப்பு விட்டுருச்சு!" என்று கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

அதிலிருந்து ஆறு வாரமாக இருளாயிக்கு ஒரே பெயர்தான்: முதுகை ஒடித்தவள். அதை ஊரெல்லாம் பரப்பியது பத்துமலையேதான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "காலா அது? மூனாவது மிதியில எலும்பு போச்சு" என்று ஏதோ பரிசு வாங்கியவர் போலச் சொன்னார்.

இன்று பரிசோதனை முடிவு சொல்லும் நாள். பத்துமலையின் மனைவி மாரியம்மா இருளாயியையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள். டாக்டர் முன்னால் நின்று எப்படி மிதித்தாள் என்று சொல்ல வேண்டுமாம். இருளாயியும் மறுக்கவில்லை. தன் மேல் தப்பில்லை என்று டாக்டர் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை சாப் குத்திக் கொடுத்தால், அதை அடுக்குமாடி லிப்ட் கதவிலேயே ஒட்டிவிடலாம் என்று ஒரு எண்ணம்.

"பாசார்ல காய் வாங்கையில ஒருத்தி கேக்குறா, ஒம் புருசன் மேல லோரி ஏறிருச்சாமேன்னு" என்றாள் மாரியம்மா, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே. "லோரின்னா நம்பர் பிளேட்டாச்சும் இருக்கும், போலீசுல சொல்லலாம்னேன்."

"அண்ணி, நான் பூ மாதிரிதான் வச்சேன்."

"எந்தப் பூ? வாழைப்பூவா?"

"விடு மாரி" என்றார் பத்துமலை. "ஒடஞ்ச எலும்பு ஒட்டிக்கும்லா. பெல்ட்டு போட்டா மூனே மாசம்."

டாக்டர் புனிதா கோலாலம்பூரிலிருந்து வந்த இளம்பெண். கோப்பைத் திறந்தவள் மூவரையும் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"மிதிச்சவ" என்றாள் மாரியம்மா.

டாக்டர் மேசைக்கு அடியில் எட்டி இருளாயியின் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பத்துமலையிடம், "ஐயா, திடீர்னு முகம் செவந்து சூடாகுமா?" என்றாள்.

"ரெண்டு வருசமா டாக்டர்" என்று மாரியம்மா முந்திக்கொண்டாள். "ஒளிஞ்சு குடிக்கிறாருன்னு வாய மோந்து மோந்து பாப்பேன். வெங்காய வாசந்தான் வரும்."

"அடிக்கடி வயித்தால போகுமா?"

"ஈப்போலேருந்து பீடோர் வரைக்கும் எண்ணெய் ஸ்டேசன் தண்டாஸ் எது சுத்தமா இருக்கும்னு அவரக் கேளுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாம் ஒரே நோவுதான் ஐயா. குடல்ல ஒரு சின்னக் கட்டி. நியூரோ எண்டோகிரைன் கட்டின்னு பேரு. ரொம்ப மெதுவா வளரும். அது சுரக்குற ஹார்மோனாலதான் முகம் செவக்குது, வயித்தால போகுது. அங்கேருந்து ஈரலுக்குப் பரவி, எலும்புக்கும் போயிருக்கு. முதுகெலும்புல மட்டும் நாலு எடம். இது புற்றுநோய் வகை."

டாக்டர் இருளாயி பக்கம் திரும்பினாள்.

"மிதிச்சது தப்புதான். நரம்புல பட்டிருந்தா காலே வெளங்காமப் போயிருக்கும். ஆனா நோவு அதனால வரல. எலும்பு இருந்த நெலமைக்கு, தும்மினாக்கூட ஒடஞ்சிருக்கும்."

ஆறு வாரமாக இருளாயி காத்திருந்த வார்த்தை. 'கேட்டுக்கிட்டீங்களா அண்ணி' என்று சொல்ல வாயைத் திறந்தவள், பத்துமலையைப் பார்த்துவிட்டாள். அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நீயாவது ஏதாவது சொல்லேன் என்பதுபோல. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனுஷன் எதையோ உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் ஆறு வாரமாக அவள் காலைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். மிதியில் ஒடிந்த எலும்பென்றால் ஒட்டிக்கொள்ளும்.

"டாக்டர், நல்லா பாருங்க. நான் ரொம்ப பலமா மிதிச்சேன்."

"பூ மாதிரின்னியேடி!"

"பொய் அண்ணி. அன்னைக்கு வேலையில மண்டோர் ஏசிட்டான், அந்தக் கோவம். முழுக் கனத்தையும் வச்சேன். எம்பத்தாறு கிலோ டாக்டர்." சொல்லிக்கொண்டே போய் மூலையிலிருந்த எடைப் பலகையில் ஏறி நின்றாள். "எம்பத்தெட்டு! வந்து பாருங்க, எம்பத்தெட்டு!"

"அம்மா, நூறு கிலோவா இருந்தாலும் மிதிச்சு ஈரல்ல கட்டி வராது. எறங்குங்க."

இருளாயி இறங்கினாள். கேஸ் தோற்றுப்போனது.

பத்துமலை தொண்டையைச் செருமினார். "ரப்பர் மரத்துல வேர் நோவு வரும் டாக்டர். மரம் பச்சையாத்தான் நிக்கும். ஒரு நாய் காலத் தூக்கினாப் போதும், சாஞ்சிரும்."

"அப்ப இவ நாயா?" என்றாள் மாரியம்மா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நாயாவே இருந்துட்டுப் போறேன் அண்ணி."

"எத்தன நாளு இருக்கு டாக்டர்?" என்றார் பத்துமலை.

"நாள் கணக்கு சொல்ல முடியாது ஐயா. குணமாயிரும்னும் சொல்ல மாட்டேன். ஆனா இது மெதுவான வகை, பல பேரு பல வருசம் இதோட நடமாடுறாங்க. மாசம் ஒரு ஊசி, பின்பக்கம் போடணும். வலிக்குக் கதிர் வைத்தியம். எலும்புக்குத் தனியா மருந்து. மிதி மட்டும் வேணாம்."

டாக்சியில் வீடு திரும்பினார்கள். அடுக்குமாடியின் கீழே மளிகைக்கடை கனகராஜ் ஓடிவந்தான். "என்னண்ணே, டாக்டர் என்ன சொன்னாங்க?"

பத்துமலை வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மாரியம்மா தரையைப் பார்த்தாள்.

"என்னத்தச் சொல்வாங்க?" என்றாள் இருளாயி. "நான் ஒடச்சதுதான். ஒன்னுல்ல, நாலு எடத்துல."

"நாலு எடமா! அடிப்பாவி, இனிமே இந்த புளோக்குல எவனாச்சும் ஒங்கிட்ட முதுகக் காட்டுவானா?"

"காட்ட வேணாம்லா. எனக்கும் காலு வலிக்குது."

"காலா அது?" என்றார் பத்துமலை. குரல் நடுங்கினாலும் வந்துவிட்டது. "கட்டையில்ல..."

கனகராஜ் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போனான். மாரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இருளாயியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"நான் இன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கல. மூனு பேருக்கும் நீயே ஆக்கு. ரசம் மட்டும் வை, அவருக்கு வயிறு தாங்காது."