பிள்ளைக்காம்பரா இல்லாத ஒத்திகை

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு ஒத்திகை நடத்துகிறார் விஜயகலா. "பயிற்சிக்கு ஒரு கதை எழுதித் தாங்க சார். சரியான பதில மட்டும் முதல்லயே சொல்லிறாதீங்க. ஆளுங்க தாங்களா முடிவெடுத்து, தப்பு விட்டாத்தான் மனசுல நிக்கும்" என்றார்.

தொடங்கினேன்: 'வானம் கறுத்தது, மலை முனகியது, அப்போது...' (சீ! மலை எங்கே முனகும்? அடித்துவிட்டேன்.)

2
முதல் மூன்று ஒத்திகையும் அமோகம். சைரன் ஊதிப் பதினொரு நிமிடத்தில் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் எல்லோரும் மேலே கோயில் மைதானத்தில்.

நாலாவதைச் சொல்லாமல் கொள்ளாமல், மழையில், கொழுந்து பறிக்கும் நேரத்தில் வைத்தார் விஜயகலா. தாய்மார் ஒருவர்கூட மேலே ஏறவில்லை. அத்தனை பேரும் சரிவுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினார்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவது அங்கேதான்.

"முந்தி மூணு தடவையும், புள்ளைங்க பயந்து அழும்னு காலையிலேயே மேல தூக்கிட்டுப் போயிட்டோம்," விஜயகலா தலையில் அடித்துக்கொண்டார். "ஓடப் பழக்கினோம் சார். புள்ளைய விட்டுட்டு ஓடப் பழக்கவே இல்ல."

(இதைக் கண்டுபிடிக்க விஜயகலா ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் படித்திருக்கிறார். அத்தனையும் படித்திருந்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.)

3
என் கதாநாயகி வெள்ளையம்மா. நிஜ ஆள்தான், எட்டு மாத மகன் இருக்கிறான். சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முடிவு அ: அவள் கீழே ஓடுகிறாள். வழியில் மண்... (கை வரவில்லை.)

முடிவு ஆ: நேரே மேலே ஏறுகிறாள். காம்பரா ஆயா ஜெயம்மா குழந்தையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். சுபம்.

இரண்டாவதை அவளிடமே பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

"சரி, நல்லாத்தான் இருக்குங்க சார்," என்றாள். "ஆனா அங்க புள்ளைங்க ஒம்பது. ஜெயம்மாக்கா ஒத்த ஆளு. எம்புள்ளையத் தூக்கினாங்கன்னா, யாரு புள்ளைய விட்டாங்க?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. 'சுபம்' என்று எழுதிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"தூக்கப்போற ஆளோட பேரச் சொல்லுங்க," என்றாள். "அப்ப நான் திரும்பிப் பாக்காம மேல ஓடுறேன்."

4
ஆகவே கதையைக் கிழித்துவிட்டு, ஒன்பது குழந்தைகளின் பெயர்களை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தூக்குபவர் பெயருக்கு இடம் விட்டேன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஆட்களிடம் கேட்டுக் கேட்டு விஜயகலா இதுவரை எட்டை நிரப்பிவிட்டார். அடுத்த ஒத்திகையில் குழந்தைகளும் உண்டு, அழட்டும் என்கிறார்.

வெள்ளையம்மாவின் மகனுக்கு எதிரே இன்னும் யாரும் இல்லை. இந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள்தான் வெள்ளையம்மா. சைரன் ஊதுகிறது.

மேலேயா, கீழேயா?