நால்வருக்கும் பத்து வயதான ஆண்டு

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில், மார்லா ட்ரேபரின் நான்கு பிள்ளைகளுக்கும் பத்து வயதாகிவிட்டது. அன்று காலை ஓட்ஸ் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது டெஸ்ஸாவுக்குப் பதினைந்து, எமெட்டுக்குப் பன்னிரண்டு, ரோடாவுக்கு எட்டு, கடைக்குட்டி ஐராவுக்கு ஐந்து. மிசூரியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பார்லி க்ரீக்கில் அன்றைக்கு வெயில் நூறு டிகிரியைத் தொட்டது, ஒரு புஷல் சோளம் நான்கு டாலர் பத்து சென்ட்டுக்குப் போனது. குறிப்பிட்டுச் சொல்லும்படி வேறு எதுவும் நடக்கவில்லை.

மார்லா எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. கடையில் முட்டை அட்டையைத் திறந்து பன்னிரண்டையும் விரலால் உருட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியில் வைப்பாள். மண்சாலை முனையில் தெரியாத கார் நின்றால் அதன் எண்ணைக் காலண்டரில் குறித்துவைப்பாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்ததற்குப் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்தை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான். அதற்காக வீட்டுக் கல்விப் புத்தகங்களை நம்பினாள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும் புத்தகச் சந்தைக்குப் போய், பிள்ளைக்கு ஒன்றாக நான்கு வகுப்புக்குரிய கணக்கு, இலக்கணம், வரலாறு, அறிவியல் என்று தேடித் தேடி, பக்கம் பக்கமாகப் புரட்டி, விடைப் புத்தகத்தில் இரண்டு கணக்கையாவது தானே போட்டுச் சரிபார்த்து, கால் கடுக்க நின்று வாங்குவாள். எமெட்டுக்கு ஒத்துவந்த கணக்குப் புத்தகம் ரோடாவை அழவைத்தது. ரோடாவுக்குப் பிடித்த வாசிப்புப் புத்தகத்தை ஐரா கடித்தே தின்றுவிட்டான். ஆண்டுதோறும் தேர்வு புதிதாகத்தான் தொடங்கும்.

அந்த ஆண்டுச் சந்தையில் ஜீன்ஸ் பாவாடை கட்டிய ஒரு பெண்மணி அவளை வழிமறித்தாள். "எத்தன பிள்ளைங்க உங்களுக்கு? நாலா? பாவம், எதுக்கு நாலு அடுப்பு மூட்டிட்டு நிக்கிறீங்க? எங்ககிட்ட ஒரே பெட்டிதான். எல்லாரையும் ஒரே மேஜையில, ஒரே வயசா உக்காரவச்சு நடத்திடலாம்" என்று சொல்லி, மார்லாவுக்கும் பக்கத்தில் பை தூக்கி நின்ற டெஸ்ஸாவுக்கும் ஆளுக்கொரு புதினா மிட்டாய் கொடுத்தாள். மார்லா இரண்டு மிட்டாயையும் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஆனால் அதே நிறுவனம் வகுப்பு வாரியாகத் தனித்தனிப் புத்தகங்களும் விற்றது, அவை பார்க்கப் பழுதில்லாமல் இருந்தன. எனவே படிவத்தை மட்டும் வாங்கிவந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, நான்கு பிள்ளைகளின் பெயரையும் வகுப்பையும் பென்சிலால் எழுதி, வீட்டாரிடம் தபாலில் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போனாள்.

வந்தது ஒரே பெட்டி. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால், படிவத்தின் அடியில் 'குடும்பம் முழுவதும் ஒன்றாக' என்ற கட்டத்தில் டிக் இருப்பதாகச் சொன்னார்கள். மார்லாவின் கண் உடனே புருஷன் மேல் விழுந்தது. டாரல் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் பேச்சுக் குறைவு.

"நீதானே அடிச்ச? ஒரே பெட்டின்னா செலவு பாதியாகும்னு அன்னைக்கு மொணமொணத்தியே."

"சொன்னேன், இல்லங்கல. ஆனா அடிக்கல. இந்த வீட்டுல எது எந்த வகுப்புன்னு எனக்குத் தெரியுமா? பேரு நாலு ஞாபகம் இருக்குறதே பெருசு."

அவனை அவள் நம்பவில்லை. ஆனால் திருப்பி அனுப்பிப் புதிது வர மூன்று வாரமாகும், பாடம் தொடங்க வேண்டிய திங்கட்கிழமையோ வந்துவிட்டது. நான்கு பேரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, ஆறுகள் எங்கே பிறக்கின்றன என்ற முதல் பாடத்தைச் சத்தமாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஐராவின் கால் முதன்முறையாகத் தரையைத் தொட்டது. நான்காம் பக்கத்தில் எமெட் ஒரு கேள்வி கேட்டான், கோடையில் உடையத் தொடங்கியிருந்த அவன் குரல் பழையபடி தெளிவாக இருந்தது. பாடம் முடிந்தபோது டெஸ்ஸாவின் கால்சட்டை பாதத்துக்குக் கீழே மடிந்து கிடந்தது, ஐராவின் கால்சட்டை முழங்காலில் நின்றது. முகம் யாருக்கும் மாறவில்லை. மாலையில் டாரல் வந்து, சரக்கறைக் கதவில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவரும் இடத்தில் நால்வரையும் நிறுத்திப் பார்த்தான். கோடு ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. பிறகு எரிவாயு ரசீதின் பின்புறத்தில் பதினைந்தும் பன்னிரண்டும் எட்டும் ஐந்தும் கூட்டி, நாற்பது என்று எழுதி, நான்கால் வகுத்தான்.

"சரியா பத்து. ஒரு நாள் கூடல, ஒரு நாள் குறையல. ஊரான் சொத்தைப் பாகம் பிரிச்ச மாதிரி பிரிச்சிருக்கான்" என்றான்.

"எவன்?" என்று கேட்டாள் மார்லா. அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

அடுத்த வாரங்கள் சந்தேகத்திலேயே கழிந்தன. கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பினாள், இரும்புச் சத்து கொஞ்சம் அதிகம் என்று பதில் வந்தது. பெட்டியின் அட்டையை ஈரம் போட்டுப் பிரித்து உள்ளே பார்த்தாள். சாலை முனையில் ஒரு வெள்ளைக் கார் இரண்டு நாள் நின்றது. யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அதன் எண்ணையும் காலண்டரில் குறித்துவைத்தாள். காரில் வந்தவன் மின்கம்பம் பார்க்க வந்த ஆள். உண்மையில் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் பாடம் நடந்ததா என்று பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்லும் மிசூரிச் சட்டம், பிள்ளைக்கு எத்தனை வயது இருக்கவேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. தேவாலயத்தில் பாதிரியாரின் மனைவி ஐராவைப் பார்த்து, "கோடை லீவுல பிள்ளைங்க என்னமா இழுத்துக்கிட்டு வளருதுங்க" என்றாள், டெஸ்ஸாவைப் பார்த்து, "இவ கொஞ்சம் எளச்சுட்டா" என்றாள். மருத்துவர் நான்கு அட்டையிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி என்று எழுதினார்.

வீடுதான் தாங்கவில்லை. பாடம் தொடங்கிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மார்லா எழுந்து வந்தபோது அடுப்பில் கஞ்சி இல்லை. துணி துவைக்காமல் கிடந்தது. ரோடாவுக்கு யாரும் சடை பின்னவில்லை, கோழிக்கூடு திறக்கவில்லை, ரொட்டி மாவு பிசையவில்லை. இதெல்லாம் தானாக நடக்கிற வேலைகள் என்று மார்லா நினைத்திருந்தாள் போலும். செப்டம்பருக்குள் எல்லோரும் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். எமெட்டுக்கு அவன் வேட்டைத் துப்பாக்கி தோளுக்குப் பெரிதாகிவிட்டது. ரோடாவுக்குத் தம்பி தன் உயரத்துக்கு வந்தது மானக்கேடு. ஐராதான் பாவம். நீளக் கால்களோடு மார்லாவின் நாற்காலிப் பக்கம் வந்து வந்து நிற்பான், மடியில் உட்கார இடம் போதாது, திரும்பிப் போவான். ஐந்து வருட மடியை அந்தக் குழந்தையிடமிருந்து யாரோ வாரிக்கொண்டு போயிருந்தார்கள்.

குறையே சொல்லாதவள் டெஸ்ஸா ஒருத்தி. பாடம் முடிந்ததும் கொல்லையில் உள்ள வால்நட் மரத்தில் ஏறுவாள், கூப்பிட்டால்தான் இறங்குவாள். மரத்திலிருந்து அவள் பாட்டு கேட்கும், பெரும்பாலும் ராகமில்லாமல். சந்தோஷமாக இருப்பவர்களை மார்லா எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பாள். இவளை இரண்டு மடங்கு கவனித்தாள்.

அக்டோபர் கடைசியில், கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு, நிறுவனம் அந்தப் படிவத்தையே தபாலில் அனுப்பிவைத்தது. மார்லாவின் பென்சில் எழுத்து நான்கு வரி. அடியில் கட்டத்துக்குள் ஊதா மையில் ஒரு டிக், அதன் வால் மேலே போய்ச் சுருண்டிருந்தது. எங்கோ பார்த்த சுருள். அலமாரியிலிருந்து ஐராவின் எழுத்துப் பயிற்சி நோட்டை எடுத்துப் புரட்டினாள். பக்கத்துக்குப் பத்து, அதே ஊதா, அதே சுருள். சிவப்பு மை சின்னப் பிள்ளைகளின் மனதை நோகடிக்கும் என்று ஊதா பேனா வாங்கி நோட்டுகளைத் திருத்திவந்தவள் டெஸ்ஸா. மார்லா அடுத்துப் பதிவேட்டை எடுத்தாள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே பாடம் நடத்தியவரின் முதல் எழுத்தைப் போடுவது அவள் வழக்கம், தனக்கு மா, டெஸ்ஸாவுக்கு டெ. போன ஆண்டின் ஆயிரம் மணி நேரத்தை விரல் வைத்து எண்ணினாள். அறுநூற்று நாற்பது டெ. எல்லாம் மார்லாவின் கையெழுத்துதான். கிணற்றையும் காரையும் புருஷனையும் சந்தேகப்பட்டவள், வேறு யார் மேலும் பழி போட முடியாமல் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து போய் மரத்தடியில் நின்றாள்.

"டிக் அடிச்சது நீயா?"

மேலே பாட்டு நின்றது. "ஆமாம்மா."

"எதுக்குடி?"

"அந்தம்மா ஒரே வயசுன்னு சொன்னாங்கல்ல. சும்மா சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். ஆனா மிட்டாய் கொடுக்கறப்ப என்னையத்தான் பாத்தாங்க."

"பதினஞ்சு உனக்கு வேண்டாமா? வண்டி ஓட்டப் பழகணும்னு துடிச்சியே."

"அது வரும்மா. ஐரா பொறந்தப்ப எனக்குப் பத்து. நீ படுத்த படுக்கையா இருந்த. அவனத் தூக்கி என் கையில குடுத்துட்டாங்க. அப்புறம் எழுந்த, ஆனா வாங்கிக்கவே இல்ல." மரம் கொஞ்சம் அசைந்தது. "பத்து எனக்குப் பாதியிலயே நின்னுபோச்சு. மீதிய முடிச்சுக்கிறேனே."

கோபத்தில் சொல்லவில்லை, உப்பு எடுத்துத்தா என்பதுபோலச் சொன்னாள். மார்லாவுக்கு அழுகை வந்தது, மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேலிருந்து ஒரு வால்நட் காய் அவள் காலடியில் விழுந்தது, தெரியாமல் விழுந்ததா போட்டாளா என்று அவள் அன்றைக்கு ஆராயவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு முன்பே மார்லா புதுப் படிவம் நிரப்பினாள், இந்த முறை பேனாவால். எமெட்டுக்கு ஏழாம் வகுப்பு, ரோடாவுக்கு மூன்று, ஐராவுக்குப் பாலர் வகுப்பு. டெஸ்ஸாவின் வரியில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதினாள். டாரல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"மார்லா, கணக்கு ஒதைக்குதே. மத்த மூணு பேரும் அவங்கவங்க வயசுக்குப் போய்ட்டா, இவகிட்ட இருந்து அஞ்சு வருஷம் மிச்சம் விழுது. அது எங்க போகும்? அந்தரத்துலயா நிக்கும்?"

"நிக்காது" என்றாள் மார்லா. படிவத்தில் கற்பிப்பவர் என்று ஒரு வரி இருந்தது. ஐந்து ஆண்டுகளாகப் பதிவேட்டில் அந்த இடத்தில் மார்லா, டெஸ்ஸா என்று இரண்டு பெயர் எழுதிவந்தவள், இம்முறை ஒன்றை மட்டும் எழுதி, உறையை நக்கி ஒட்டி, தானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டாள்.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை பெட்டிகள் நான்கும் திறக்கப்பட்டன. அந்த நான்கு மாதத்தில் யாருக்கும் பிறந்தநாள் வரவில்லை என்பதால் குழப்பம் எதுவும் நேரவில்லை. பத்தரைக்கு எமெட்டின் குரல் நடுவாக்கியத்தில் உடைந்தது. பதினோரு மணிக்கு ரோடாவுக்கு முன்பல் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. ஐரா நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, யாரையும் கேட்காமல் மார்லாவின் மடியில் ஏறிக்கொண்டான். அவனைத் தாங்கியபோது அவள் முழங்கால் வலித்தது, நேற்றுவரை இல்லாத வலி. ஆசிரியர் கையேட்டின் எழுத்துகள் கலங்கின, புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால்தான் தெரிந்தன. காதோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி நரைத்திருந்தது. டெஸ்ஸா அப்படியே பத்தாக இருந்தாள். மாலையில் டாரல் மனைவியைப் பார்த்தான், ரசீதின் பின்புறம் ஏதோ எழுதி மடித்துப் பையில் வைத்தான், திரும்ப ஊருக்குள் போய் மருந்துக்கடையில் ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்கிவந்தான். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து கஞ்சி வைத்தது மார்லா.

பிப்ரவரியில் அவள் பிறந்தநாள் வந்தது. பிறப்புச் சான்றிதழின்படி நாற்பது. டாரல் யாரையும் கேட்காமல் நாற்பத்தைந்து மெழுகுவர்த்தி நட்டிருந்தான், கேக்கில் இடம் போதாமல் ஓரங்களில் சாய்ந்து நின்றன. மார்லா ஒரே மூச்சில் நாற்பதை அணைத்தாள். மிச்சம் ஐந்து எரிந்தன. டெஸ்ஸா எண்ணிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் உதவி செய்யக் குனிந்து வாயைக் குவித்தாள்.

"நீ தள்ளுடி" என்றாள் மார்லா. "அது என்னோடது."

அவள் இன்னொரு மூச்சு வாங்கி ஊதினாள், ஐந்தும் அணைந்தன. கேக்கை வெட்டினார்கள். எமெட் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான், டெஸ்ஸா தன் துண்டோடு மரத்துக்குப் போனாள்.