ஐந்தருவியை மூடிய ஞாயிற்றுக்கிழமை

குற்றாலிங்கமும் உமாராணியும் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஊர் பார்க்க ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசியது அந்த ஜூன் மாதம்தான் முதல் தடவை.

அவருக்கு ஐந்தருவிப் பக்கம் பழக்கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், பலாச்சுளை. சீசன் கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவள் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். தினம் காலை எட்டரைக்கு அலுவலக வளாகத்தில் இருக்கும் மழைமானியைத் திறந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து மேலே அனுப்புவது பதினான்கு வருஷமாக அவள் பொறுப்பு.

மே மாதம், சீசன் தொடங்கும் முன்பே, கீழே நல்ல வெயில் அடிக்கும்போது ஐந்தருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பியது. அதைப் பற்றிப் பேசத்தான் ஜூனில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மலை மேலே புதிதாக ஒரு தானியங்கி மழைமானி வைத்திருக்கிறோம், அதில் ஒரு மணி நேரத்தில் நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் கீழே வெயில் அடித்தாலும் அன்று முழுவதும் குளிக்கத் தடை, ஆறு வாரம் சோதித்துப் பார்ப்போம் என்றார், கூட்டத்தை நடத்திய அதிகாரியம்மா.

குற்றாலிங்கம் எழுந்தார்.

“மேடம், பருவநிலை மாறிட்டுன்னு டிவியில சொல்லுதத வச்சு எங்க வயித்துல அடிக்காதீங்க. எங்க அப்பா காலத்துலயும் சாரல் பொய்ச்சிருக்கு, வெள்ளமும் வந்திருக்கு. வெள்ளத்துக்கு முன்னால தண்ணி கலங்கும், சத்தம் மாறும். எங்களுக்குத் தெரியும், ஆளுகள நாங்களே கரையேத்திருவோம். வருஷத்துல மூணு மாசம்தான் எங்க பொழப்பு. அதுல ஞாயித்துக்கிழமைய மூடினா நாங்க எங்கன போவ?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆய்க்குடியிலிருந்து வந்திருந்த ஜோஷ்வா என்ற விவசாயி, “அறுக்கிற நேரத்துல மழை, நடுற நேரத்துல வெயில். மாறலேன்னு எப்படி அண்ணாச்சி சொல்லுதீங்க?” என்றார். பின்னாலிருந்து ஒருவன், “ரிசார்ட்டுக்கு மரத்த வெட்டுனவனக் கேளுங்கவே!” என்று கத்தினான். ஆளுக்கு ஒன்று பேச, மண்டபமே இரைந்தது.

அதிகாரியம்மா உமாராணியைக் கூப்பிட்டார். மழை அளவைப் படிக்கத்தான் கூப்பிட்டது. அவள் படித்தாள். மழை பெய்யும் நாட்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை கூடியிருக்கிறது. படித்து முடித்து உட்காரப் போனவளை அதிகாரியம்மா நிறுத்தினார்.

“நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?”

உமாராணி மைக்கைப் பார்த்தாள். கணவரைப் பார்க்கவில்லை.

“சாரல்னா முன்னால நாள் முழுக்கத் தூறிக்கிட்டே கெடக்கும். இப்பம் அப்படி இல்ல மேடம். கொட்டுனா ஒரேயடியாக் கொட்டுது. தண்ணி கலங்குதத பாத்துட்டு ஆள ஏத்துததுக்கு நேரம் இருக்காது. மலையில மழைன்னா மூடிரணும்.”

“செயலாளர் வீட்லயே ரெண்டு கட்சியால!” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. குற்றாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அன்று ரசமும் அப்பளமும்தான். அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டார்.

“முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?” என்றார்.

“எனக்கே தெரியாதுங்க. மேடம் கேட்டாவ, வாயில வந்துட்டு.”

“நெசமாவே அப்படி நெனைக்கியா?”

“ஆமா.”

“எனக்கு அப்படித் தோணல.”

“தெரியும்” என்று சொல்லி, அவருக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள்.

மறுநாள் யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் சுற்றியது. ‘அருவியை மூடு என்கிறார் மனைவி, மூடாதே என்கிறார் கணவர்’ என்று தலைப்பு. கடையில் ஆள் குறைந்த மதியத்தில் குற்றாலிங்கம் அதைப் பார்த்தார். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். பருவநிலை மாற்றமே பொய் என்று பாதிப் பேரும், கடைக்காரன் காசுக்காகப் பேசுகிறான் என்று மீதிப் பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னைத் திட்டியதையெல்லாம் அவர் பொறுமையாகப் படித்தார். நடுவில் ஒருவன், ‘இந்தக் குண்டம்மா மழையை அளக்குமா, மழை இதை அளக்குமா’ என்று எழுதியிருந்தான். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ‘அவங்க என் வீட்டுக்காரி. மறியாதையா பேசு.’

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ரெபேக்காள் அதை உமாராணியிடம் காட்டினாள். “ஏட்டி, இங்கன பாரு, உங்க வீட்டு அண்ணாச்சி!” உமாராணி இரண்டு தடவை படித்தாள். ‘மரியாதையா’ என்ற சொல்லில் அவர் விட்டிருந்த எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு. விடிந்ததிலிருந்தே ஐந்தருவியில் கார்கள் வரிசை கட்டின. மலை மழைமானியின் அளவு அன்று அலுவலகத்தில் பணியில் இருந்த உமாராணியின் போனுக்குத்தான் வரும். பத்து மணிக்கு நாற்பத்தாறு என்று வந்தது. அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தென்காசியில் கண் கூசும் வெயில். மலை முகட்டில் மட்டும் கறுப்பாக ஒரு மேகம் படுத்திருந்தது. அவள் உடனே அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

பத்தேகாலுக்கு அருவியை மூடினார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் வெளியேற்றியது. வெள்ளம் இப்போது வரும், பிறகு வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மதியமாயிற்று. மூன்று மணியாயிற்று. ஐந்து கிளைகளிலும் தண்ணீர் வெள்ளையாக, அழகாக விழுந்துகொண்டே இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பெய்து வடிந்துவிட்டது போலும். வந்த கார்களெல்லாம் திரும்பிப் போயின.

நான்கு மணிக்குச் சிப்ஸ் கடை தளவாய் ஒரு மனுவோடு வந்தான். சங்கத்தின் தலைவர் அவன். பின்னால் இருபது பேர்.

“அண்ணாச்சி, தடைய எடுக்கணும்னு எழுதியிருக்கோம். முதல் கையெழுத்து நீங்க போடுங்க.”

குற்றாலிங்கம் மனுவை முழுவதும் படித்தார். கடைசி வரியில், மழை அளவு பார்க்கும் பெண் ஊழியரை அந்தப் பொறுப்பிலிருந்து மாற்ற வேண்டும் என்று இருந்தது.

“விதிய மாத்தச் சொல்லு, போடுதேன். நாள் முழுக்க மூடாம ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா பாத்துத் திறக்கச் சொல்லு, அதுக்கும் போடுதேன். ஆள மாத்தச் சொன்னா போட மாட்டேன்.”

“அண்ணாச்சி, வீட்டு விஷயத்த...”

“ஏலே தளவாயி, நாப்பத்தாறுன்னு வந்துச்சு, அவ நாப்பத்தாறுன்னே சொன்னா. நாம கும்பலாக் கத்துதோம்னு முப்பத்தாறுன்னு சொல்லிட்டா என்ன ஆவும்? அப்படிச் சொல்லாத ஆளு அங்கன இருக்குதது நமக்கும் நல்லதுதான். செயலாளரு வேண்டாம்னா வேற ஆளப் போட்டுக்கோங்க.”

தளவாய் பேனாவை வாங்கிக் கடைசி வரியை அடித்தான். முணுமுணுத்துக்கொண்டேதான் அடித்தான். பிறகு குற்றாலிங்கம் கையெழுத்துப் போட்டார்.

விற்காத ரம்புட்டானில் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே அவர் வீட்டுக்கு வந்தார். உமாராணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அலுவலகச் சேலையைக்கூட மாற்றவில்லை. அழுது ஓய்ந்த முகம்.

“தண்ணி வரலியே” என்றாள்.

“வரலேன்னா நல்லதுதான?”

“அது இல்லங்க. மதியம் ஒரு நிமிஷம், வெள்ளம் வந்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சிட்டேன். நான் சொன்னது சரின்னு ஆயிரும்லா? அதுக்காவ. ஆளு யாரும் உள்ள இல்லங்குத தைரியந்தான், ஆனாலும் அப்படி நெனைக்கலாமா? கடையெல்லாம் அங்கனதான இருக்கு, நீங்க அங்கனதான இருந்தீங்க!”

குற்றாலிங்கம் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தார்.

“நானும் அதத்தாம்ட்டி நெனச்சேன்” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“கடையில ஒரு ஈ காக்கா இல்ல. அருவியப் பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்சமாது கலங்கி வந்துருன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒன்னய ஒருத்தனும் சிரிக்கக் கூடாதுல்லா.”

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெளியே பக்கத்து வீட்டுக் குழாயில் குடம் நிறையும் சத்தம் கேட்டது. அவர் ஒரு ரம்புட்டானை நகத்தால் கீறி உரித்து அவளிடம் கொடுத்தார்.

“அப்பம் இப்பமாவது நம்புதீங்களா, மழை மாறிட்டுன்னு?”

“இல்ல. மழை எப்பமும் இப்படித்தான்.”

“நாளைக்கு அந்த அளவெல்லாம் எடுத்துட்டு வாரேன். உக்காந்து பாருங்க.”

“பாக்கேன். பாத்துட்டும் இல்லன்னுதான் சொல்லுவேன்.” சற்றுப் பொறுத்து, “ஆனா நீ போன் பண்ணுனா கேப்பேன்” என்றார்.

மனுவுக்குப் பலன் இருந்தது. நாள் முழுக்கத் தடை என்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து முடிவெடுப்பது என்று மாறியது. ஆளை வெளியேற்றக் கடைக்காரர்களும் உதவ வேண்டும் என்று அதிகாரியம்மா கேட்டபோது, முதல் ஆளாகக் குற்றாலிங்கம் பெயர் கொடுத்தார். ஆடி கடைசியில் இன்னொரு கூட்டம் இருந்தது. அதிலும் இருவரும் பேசுவதாக இருந்தார்கள், எதிரெதிராகத்தான்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவள் கூப்பிட்டாள். ஐம்பத்திரண்டு. அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு விசிலை ஊதிக்கொண்டு ஓடினார்.

“வெயில் அடிக்குதே சார், யாரு சொன்னா வெள்ளம் வரும்னு?” என்று மதுரைக்காரர் ஒருவர் எண்ணெய் வழியும் தலையோடு கேட்டார்.

“என் வீட்டுக்காரி சொல்லுதா. ஏறுங்க, ஏறுங்க.”

பெண்கள் பக்கம் முதலில், பிறகு ஆண்கள், கடைசியாக அப்பாவின் தோளில் இருந்த ஒரு குழந்தை. பத்து நிமிஷத்தில் அருவிக்கரை காலியானது. போன் மறுபடி அடித்தது.

“தண்ணி நெறம் மாறிட்டா?”

“இன்னும் இல்ல. ஆளு எல்லாரும் வெளிய வந்தாச்சு.”

“நீங்க?”

அவர் இன்னும் கம்பிக்கு உள்ளேதான், நனைந்த படியில் நின்றுகொண்டிருந்தார்.

“இந்தா, வந்துட்டேம்ட்டி” என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறினார்.