சிவப்புச் சட்டை

கண்ணாடிக்கடைக்காரருக்கு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தால் இந்த வயிற்றெரிச்சலே வந்திருக்காது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தானே பெருமை பீற்றிக்கொண்டார். ஊருக்குத் தெரியாமல் சுவர்களில் படம் வரைந்துவிட்டு ஓடிவிடும் ஓவியன் ஒருவன். ஓணான் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். தன் படங்களை ஸ்கிரீன் பிரிண்டிங் என்கிற திரை அச்சில் நூறே பிரதி போடுவான், ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்திடுவான், அப்புறம் அந்த அச்சுத் திரையையே கிழித்தெறிந்துவிடுவான். பெயர் கொடுத்தவர்களில் குலுக்கலில் வந்தவருக்குத்தான் படம். "கொடியில காயுற துணின்னு அவன் போட்ட வரிசையில மஞ்சத் துண்டு, நீலக் கால்சட்டை, பச்சைப் பாவாடை மூணும் எங்கிட்ட இருக்கு. இனி சிவப்புச் சட்டை ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

விருந்துக்கு வந்திருந்த, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் சகலை வாயைப் பிளந்து கேட்டார். "நானும் ஒரு பேரு போட்டு வைக்கிறேனே" என்று கை கழுவப் போகிற வழியிலேயே போனில் தட்டிவிட்டார். குலுக்கலில் அவருக்குத்தான் விழுந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு விலைக்குக் கேட்டுப் பார்த்தார். "உங்களுக்கில்லாததா அண்ணே? ஆனா இவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சே" என்று சகலை தலையைச் சொறிந்தார். ஓணானுக்கும் ஒட்டடைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனுக்கு இப்படி ஒரு யோகம்!

படத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கடனே என்று போனார். மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். காற்றில் உப்பிய சட்டை, தாளின் ஓரம்வரை நீண்ட கை, ரத்தச் சிவப்பு. அதன்மேல் சாயங்கால வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவருக்குப் பகீரென்றது. கூலிங் கிளாஸ் விற்றே பிழைப்பு நடத்துகிறவருக்கு வெயில் என்ன செய்யும் என்று தெரியாதா? அதுவும் சிவப்புதான் முதலில் போகும். தன் வீட்டில் படங்கள் இருக்கும் அறையில் பகலிலும் திரை மூடித்தான் கிடக்கும். கொஞ்சம் விலகினாலும் மனைவிக்கு அர்ச்சனைதான்.

"இந்த இடம் சரிதானே அண்ணே? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார் சகலை.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். எனக்குக் கிடைக்காதது இவனுக்கு மட்டும் எதற்கு என்று உள்ளே ஒன்று எட்டி உதைத்தது.

"பிரமாதமான இடம். வெளிச்சத்துலதான் சிவப்பு எடுப்பா இருக்கும்."

அதன் பிறகு வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போனார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகப் படத்தின் முன் போய் நிற்பார். முதலில் காலர் வெளுத்தது, பிறகு தோள்பட்டை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற கண்ணுக்குத் தெரிந்தது. பாவி மனுஷன் திருப்தியாகக் காபி குடித்தார். "மாமா முன்னெல்லாம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாரு. இப்பப் பாரு!" என்று மச்சினிச்சிக்கு ஒரே பூரிப்பு.

கோடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சகலையும் மச்சினிச்சியும் பழைய போர்வையில் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நாங்க மாட்டி வச்சதோட சரிண்ணே. நீங்கதான் வாரா வாரம் வந்து அப்படியே நிக்கிறீங்க. பாத்துப் பாத்து எங்களுக்கு மனசு கேக்கல. இந்தப் படம் உங்ககிட்டதான் இருக்கணும்" என்றார் சகலை.

"எனக்கும் சம்மதம்தான் மாமா. ஆனா இதை வாங்கிக்கிட்டு வராம மட்டும் இருந்துடாதீங்க" என்று சிரித்தாள் மச்சினிச்சி.

கண்ணாடிக்கடைக்காரர் அதைப் போர்வையோடு வாங்கிப் படங்கள் இருக்கும் அறையில் சாய்த்து வைத்தார்.

அவர்கள் போனதும் தூசி துடைக்கலாம் என்று மனைவி சட்டத்தைப் பிரித்தாள். படம் ரோஜா நிறத்துக்கும் கீழே போய்ச் சோகை பிடித்துக் கிடந்தது. ஆனால் சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த இடத்தில், சட்டைக் கையின் நுனி மட்டும் ஒரு விரற்கடைக்கு அப்படியே இருந்தது. ரத்தச் சிவப்பு.

"இதா இதோட நிறம்?" அவள் அந்த இடத்தைத் தொடாமல் விரலை மேலே நிறுத்தினாள். "வாரா வாரம் போனீங்களே. நீங்க பாக்கலையா?"

அவர் போர்வையை மடிக்கத் தொடங்கினார்.

"வெயில் ஆகாதுன்னு அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

அவர் மடித்த போர்வையையே மறுபடி மடித்தார். அவள் அவரையே பார்த்தாள். புரிந்துவிட்டது. எழுந்துபோய் ஜன்னல் திரையை ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்துவிட்டாள். மஞ்சள் துண்டின்மேலும் நீலக் கால்சட்டையின்மேலும் பச்சைப் பாவாடையின்மேலும் வெயில் விழுந்தது.

"சாயம் போயிடும்" என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் திரும்பி, அவர் சொல்லட்டும் என்று காத்து நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.